கூடத்து ஃபேனின் ஆயுள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48 அங்குல சீலிங் ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 350 சுற்று சுற்றும். மணிக்கு 21,000. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டரை லட்சம் சுற்று. வருடத்துக்கு ஒன்பது கோடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு சுற்றுக்கு இறக்கையின் நுனி மூன்றே முக்கால் மீட்டர் போகிறது. ஆக, ஒரே வருடத்தில் அந்த நுனி கடக்கும் தூரம் சுமார் 3,45,000 கிலோமீட்டர். நிலா நம்மிடமிருந்து சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

திருச்சியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் ஃபேனை அப்பா வாங்கியது 1984ல், அக்கா கல்யாணத்துக்கு முந்தின கோடையில். அதே கூடத்தில் டி.வி. மாறிவிட்டது, ட்யூப்லைட் போய் எல்.இ.டி. வந்துவிட்டது. அடுப்படியில் மிக்ஸி எத்தனை மாறியது என்று அம்மாவுக்கே நினைவில்லை. ஃபேன் மட்டும் அதே ஃபேன். இரண்டு முறை பெயிண்ட் அடித்தோம். மூன்று இறக்கைகளையும் பொங்கலுக்குப் பொங்கல் ஈரத்துணியால் துடைப்போம். அதற்கு மேல் அதற்கு நாங்கள் பெரிதாக எதுவும் செய்ததில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் நீங்கள் படித்த பள்ளிக்கூடத்திலோ தாலுகா ஆபீஸிலோ கல்யாண மண்டபத்திலோ நிச்சயம் ஓடிக்கொண்டிருக்கும். நாற்பது வருடம் ஓடும் மின்சாதனத்தைக் கண்டு நாம் ஏன் வியப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அதனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கப்போகிறேன்.

மிக்ஸியிலிருந்து தொடங்கினால் சுலபமாகப் புரியும். மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம், இருபதாயிரம் சுற்று போகும். சுழலும் பாகத்துக்குள்ளேயே மின்சாரத்தைச் செலுத்த வேண்டும் என்பதால் இரண்டு கார்பன் பிரஷ் அதை உரசிக்கொண்டே இருக்கும். உரச உரசத் தேயும், பொறி பறக்கும், கரித்தூள் உள்ளே படியும். சீலிங் ஃபேனில் இந்த உரசல் அறவே கிடையாது. செம்புக் கம்பி சுற்றிய பாகம் நடுவில் அசையாமல் நிற்கிறது. அதைச் சுற்றி வெளியே இருக்கும் கூடுதான் இறக்கைகளோடு சுழல்கிறது. அந்தக் கூட்டுக்குள் இரும்புத் தகடுகளும் அவற்றுக்குள் வார்த்த அலுமினியக் கட்டைகளும் இருக்கின்றன. அதற்கு ஒரு ஒயர்கூடப் போகவில்லை. நடுவில் எழும் காந்தப்புலம் சுழல்கிறது, அதன் இழுப்பில் வெளிக்கூடு பின்னாலேயே சுழல்கிறது. நிற்பதும் சுழல்வதும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங். அவ்வளவுதான்.

சுழலும் காந்தப்புலத்தால் ஓடும் மோட்டாரை இத்தாலியில் கலிலியோ ஃபெர்ராரிஸும் அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லாவும் 1888ல் தனித்தனியே உலகத்துக்கு அறிவித்தார்கள். நம் கூடத்தில் சுற்றுவது அந்த யோசனையின் நேர் வாரிசு. இத்தனை வருடத்தில் அடிப்படையில் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் வீட்டுக்கு வருவது ஒற்றை பேஸ் மின்சாரம். அது முன்னும் பின்னும் ஆட்டுமே தவிர, சுழற்றாது. சுழற்ற வேண்டுமென்றால் இரண்டாவதாக ஒரு காயில் வேண்டும். முதல் காயிலில் ஓடும் மின்னோட்டத்துக்கும் இரண்டாவதில் ஓடுவதற்கும் காலத்தில் சற்று முன்பின் இருக்க வேண்டும். அந்த முன்பின்னை உண்டாக்குவதுதான் கண்டன்சர். ஃபேனின் மேல் கப்பைக் கீழே இறக்கினால் விரல் நீளத்தில் ஒரு சின்ன டப்பா தெரியும், மேலே 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று எழுதியிருக்கும். ஃபேனின் ஆயுளைப் பற்றிப் பேசுவதென்றால் பாதி நேரம் இந்த டப்பாவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அது செத்துப்போனால் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று முனகும், சுற்றாது. அந்த நிலையில் இறக்கையை எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கமே மெல்லச் சுற்றத் தொடங்கும். (தயவுசெய்து கையால் செய்து பார்க்காதீர்கள்.) திசையைச் சொல்லிக்கொடுக்கும் பாகம் போய்விட்டதால், தள்ளிவிட்ட பக்கமெல்லாம் அதற்குச் சம்மதம்தான்.

ஆனால் பெரும்பாலும் கண்டன்சர் அப்படி ஒரேயடியாகச் சாவதில்லை. உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம், அதன்மேல் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு. எங்காவது ஒரு புள்ளியில் மின்சாரம் படலத்தைத் துளைத்துவிட்டால், அந்தத் துளையைச் சுற்றியுள்ள பூச்சு நொடியில் ஆவியாகிவிடும். புண் தானே ஆறிவிட்டது, கண்டன்சர் தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சின் பரப்பில் துளி குறைகிறது. இரண்டரை இருந்தது வருடங்கள் போகப் போக இரண்டாகும், ஒன்றரையாகும். ஃபேன் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறையும். நாம் கவனிப்பதில்லை. சித்திரை மாதம் வந்ததும் திடீரென்று கவனித்து, “கரண்டே சரியில்லை, லோ வோல்டேஜ்” என்று மின்வாரியத்தைத் திட்டுவோம்.

எங்கள் தெருமுனையில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர்தான் இதை எனக்கு முதலில் சொல்லித்தந்தார். புது ஃபேன் விலை விசாரிக்கப் போயிருந்தேன்.

“பழசுக்கு என்ன ஆச்சு தம்பி?”

“காத்தே வரலண்ணே. சுத்துது, ஆனா காத்து இல்ல. வயசாயிடுச்சுல்ல.”

“ஃபேனுக்கு வயசாகாது. கண்டன்சருக்குத்தான் வயசாகும். இந்தா, இதை மாட்டிப் பாரு. அப்புறமும் காத்து வரலன்னா வா, புதுசு தரேன்.”

நூறு ரூபாய்க்குள் முடிந்தது. அன்று இரவு அம்மா போர்வை கேட்டார். புது ஃபேன் விற்றிருந்தால் கடைக்காரருக்கு லாபம் அதிகம். அதை விட்டுவிட்டு டப்பாவைக் கையில் கொடுத்தவரை நினைத்தால் இன்றைக்கும் மனம் நெகிழ்கிறது. பழைய பொருள்கள் நெடுநாள் வாழ்வதில் இப்படிப்பட்டவர்களின் பங்கை யாரும் எழுதிவைப்பதில்லை.

அடுத்தது பேரிங். பல ஃபேன்களில் மேலே 6202, கீழே 6201 என்ற எண் இருக்கும். முதலாவதன் உள் துளை 15 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 12. இந்த எண்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். ஸ்வீடனில் செய்த 6202ம் ஜப்பானில் செய்த 6202ம் நம் ஊரில் செய்ததும் அளவில் அப்படியே பொருந்தும். 1984ல் வாங்கிய ஃபேனுக்கு இன்று காலையில் தயாரான பேரிங்கைப் போடலாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஐந்து வருடத்துக்கு முந்தைய போனுக்குப் பேட்டரி தேடி அலைந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பேரிங்கின் எஃகு எத்தனை சுற்றில் களைத்து உதிரத் தொடங்கும் என்பதற்குப் பொறியாளர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். தாங்கக்கூடிய சுமையைத் தாங்கும் சுமையால் வகுத்து, அதை மும்மடிப் பெருக்க வேண்டும். 6202க்குத் தாங்கும் திறன் சில நூறு கிலோ. ஃபேனில் அது சுமப்பது கூடும் இறக்கைகளும் சேர்ந்து சில கிலோதான். மும்மடிப் பெருக்கத்தில் அந்த வித்தியாசம் எங்கோ போய்விடுகிறது. விடை பல்லாயிரம் கோடிச் சுற்றுகள் என்று வருகிறது. நாற்பது வருடத்தில் எங்கள் ஃபேன் சுற்றியது நானூறு கோடிக்கும் குறைவு. எஃகு இன்னும் இளமையாகத்தான் இருக்கிறது. உண்மையில் முதுமையடைவது உள்ளே இருக்கும் கிரீஸ். வெப்பத்தில் எண்ணெய் வற்றி, தூசியும் சேர்ந்து கெட்டியாகி, ‘கர கர’ என்று சத்தம் வரும். அப்போது பேரிங்கை மாற்றிவிடுகிறோம்.

ஃபேன் நெடுநாள் ஓடுவதற்கான மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபேன் சுமப்பது காற்றை. காற்று மிகவும் இணக்கமான சுமை. வேகம் பாதியானால் காற்றைத் தள்ளத் தேவைப்படும் விசை கால்பங்காகிவிடும், சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். எண்பதுகளில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குண்டு பல்பின் இழை மட்டும் சிவப்பாகத் தெரியும் அளவுக்கு வோல்டேஜ் இறங்கும். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் அப்போது திணறும். வாயுவை அழுத்தும் வேலையை அது குறைத்துக்கொள்ள முடியாது, அதனால் மின்னோட்டம் ஏறும், காயில் சூடாகிக் கருகும். ஃபேனோ மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். மெதுவாகச் சுற்றுவதாலேயே அதன் பாரமும் குறைந்துவிடும். ஃப்ரிட்ஜ் வாங்கிய வீடுகளெல்லாம் கையோடு ஸ்டெபிலைசரும் வாங்கின. ஃபேனுக்கு யாராவது ஸ்டெபிலைசர் வாங்கி நான் பார்த்ததில்லை.

போதாததற்கு, தான் வீசும் காற்றிலேயே தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் மோட்டார் இது. காயிலின் மேல் பூசிய வார்னிஷ் காப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு மின்பொறியாளர்களிடம் ஒரு நாட்டுக்கணக்கு உண்டு. சூடு பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி, பத்து டிகிரி குறைந்தால் இரண்டு மடங்கு. ஓயாமல் சுற்றிக்கொண்டே காற்று வாங்கும் மோட்டாருக்கு இந்தக் கணக்கு எப்போதும் சாதகம்தான்.

அப்படியும் காயில் போகும். இடி, மின்னல், கரண்ட் போய் ஒரேயடியாக எகிறி வரும் நேரம். அதற்கும் ஆள் இருக்கிறார். எந்தச் சின்ன ஊரிலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் மோட்டார் ரீவைண்டிங் கடை ஒன்று இருக்கும், வாசலில் நிற்கும்போதே வார்னிஷ் வாசனை வரும். கருகிய காயிலை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, கம்பி என்ன கேஜ் என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, அதே கணக்கில் கைமெஷினில் புதுக் கம்பியைச் சுற்றி, காகிதக் காப்பு வைத்துச் சொருகி, வார்னிஷில் நனைத்துக் காயவைத்துத் தருவார்கள். “காயில் கட்டிட்டேன், இனிமே கவலையில்ல” என்று அவர் சொன்னால், அந்த ஃபேன் அடுத்த தலைமுறைக்குத் தயார். ஒன்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும், செம்புக் கம்பி. அலுமினியம் கட்டிக் கொடுத்தால் மலிவாக முடியும், ஆனால் சூடு அதிகம்.

ஆக, இந்த ஃபேன் நாற்பது வருடமாகப் பழுதே ஆகாமல் இல்லை. பழுதாகும் பாகங்கள் கண்டன்சர், இரண்டு பேரிங், காயில் என்று நாலு, நாலும் தனித்தனியே கழற்றக்கூடியவை. எல்லாக் கடையிலும் கிடைப்பவை. மாற்றத் தெரிந்தவர் நடக்கிற தூரத்தில் இருக்கிறார். கூடத்து ஃபேனின் ஆயுள் ரகசியம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கொஞ்சம் பழங்கதை. சீலிங் ஃபேனை உருவாக்கியவராகச் சொல்லப்படும் ஃபிலிப் டீல் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். நியூ ஜெர்சியில் சிங்கர் தையல் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்தார். 1880களில், தையல் மெஷினுக்காகச் செய்த மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு இறக்கை பூட்டினார். நம் நாட்டில் அப்போது கோர்ட்டுகளிலும் துரை பங்களாக்களிலும் வெளி வராந்தாவில் உட்கார்ந்த மனிதர் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார், உள்ளே பங்கா என்ற தொங்கு விசிறி ஆடும். ஒரு மனிதரின் நாள் முழுவதையும் விழுங்கிய வேலை அது. மின்சாரம் வந்து அந்தக் கயிற்றை அவர் கையிலிருந்து எடுத்தது. பின்னாளில் கொல்கத்தா இந்திய ஃபேன் தொழிலின் தலைநகரானது. உஷா, ஓரியண்ட், போலார், கைதான் என்று நாம் கேட்டு வளர்ந்த பெயர்களில் பல அந்த ஊரோடு தொடர்புள்ளவை. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தான் பஞ்சாபில் குஜ்ராத் என்ற ஊர் இன்றும் ஃபேன் ஊர்தான். அமெரிக்காவிலோ இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஏ.சி. வந்ததும் சீலிங் ஃபேனைக் கிட்டத்தட்ட மறந்தே போனார்கள். எழுபதுகளின் எண்ணெய் நெருக்கடியில்தான் மறுபடி தேடி எடுத்தார்கள். நம் ஊரில் அது மறக்கப்பட்டதே இல்லை. ஏ.சி. போட்ட அறையிலும் மேலே ஒன்று மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பழைய ஃபேன் வைத்திருப்பவர்களிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். மோட்டார் நாற்பது வருடம் ஓடும், ஆனால் அதைத் தாங்கும் போல்ட்டும் ரப்பர் புஷ்ஷும் அப்படி இல்லை. ஓயாத அதிர்வில் ரப்பர் தேயும், போல்ட்டில் பள்ளம் விழும், ஸ்பிளிட் பின் துருப்பிடித்து உடையும். நுனி வேகம் மணிக்கு எண்பது கிலோமீட்டர் போகும் பொருள் தலைக்கு மேல் தொங்குகிறது, கீழே குழந்தை தூங்குகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு, மேல் கப்பை இறக்கி, போல்ட், புஷ், பின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் மாற்றிவிடுங்கள், விலை ஒரு பொருட்டே இல்லை. கூரைக் கொக்கியும் துருப்பிடித்திருக்கிறதா என்று சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேன் ஆட்டம் கண்டால் அலட்சியம் வேண்டாம். மூன்று இறக்கைகளும் எடை பொருத்தி ஒரு செட்டாக வருபவை. கழற்றித் துடைக்கும்போது வேறு ஃபேனின் இறக்கையோடு கலந்துவிட்டாலே ஆட ஆரம்பிக்கும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு மின்கட்டணத்தைப் பற்றிப் பேசாமல் போவது நியாயமில்லை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது, அதற்கு ஏறக்குறைய 22 யூனிட் போதும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். பழைய ஃபேன் மூன்று இப்படி ஓடினால் அவையே 160 யூனிட்டைத் தாண்டிவிடும். இலவச வரம்பை ஃபேன்களே முழுசாகச் சாப்பிட்டுவிடுகின்றன. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமானது இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான். சரியான முடிவு என்றே சொல்வேன்.

அதனால் எங்கள் வீட்டில் படுக்கையறை ஃபேனை மாற்றிவிட்டோம், ராத்திரி முழுக்க ஓடுவது அதுதான். கூடத்தில் இப்போது பகலில் ஆள் இருப்பது குறைவு; சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் ஓடுகிறது. அதற்காகப் புதிது வாங்கினால் போட்ட காசு திரும்ப நெடுங்காலம் ஆகும் என்பதால் 1984 ஃபேன் அங்கேயே இருக்கிறது. அதன் ரெகுலேட்டரை மட்டும் மாற்றினோம். பழைய பெரிய கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது ஒரு எதிர்ப்புக் கம்பிச் சுருள். வேகத்தைக் குறைத்தால் மிச்ச மின்சாரத்தை அது சூடாக்கிச் சுவரில் வீணடிக்கும். பழைய ஃபேனை வைத்துக்கொள்ளலாம், அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை.

புது ஃபேனில் என் கவலை ஒன்றுதான். அதன் சுழலும் கூட்டில் நிரந்தரக் காந்தங்கள் இருக்கின்றன, மின் இழப்பு குறைவு, அருமையான மோட்டார். பேரிங்கும் பழைய வகைதான். ஆனால் அதை ஓட்டுவது ஒரு எலெக்ட்ரானிக் போர்டு. ஏ.சி. மின்சாரத்தை டி.சி. ஆக்கி, அதை மறுபடி மூன்று காயிலுக்கும் முறைவைத்துப் பிரித்துக் கொடுப்பது அந்த போர்டுதான். மின்னலுக்கும் வோல்டேஜ் எகிறலுக்கும் முதலில் பலியாவதும் அதுவே. மோட்டார் முப்பது வருடம் தாங்கும்போது போர்டு இடையில் போனால் மாற்றிக்கொள்ளலாம், அதில் குறையில்லை. கண்டன்சரையும் அப்படித்தானே மாற்றினோம். ஆனால் கண்டன்சருக்கு 2.5 என்று சொன்னால் போதும், எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். போர்டு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, மாடலுக்கு மாடல் வேறு, ரிமோட்டும் வேறு. சென்னை ரிச்சி தெருவில் எல்லா வகைக்கும் பொருந்தும் என்று சொல்லி போர்டுகள் விற்கிறார்கள். அதைப் பொருத்தத் தெரிந்த கைகள் தெருமுனைக் கடை வரைக்கும் இன்னும் வரவில்லை.

அடுத்த முறை ஃபேன் வாங்கப் போகும்போது காற்று எவ்வளவு, நட்சத்திரம் எத்தனை என்று கேட்டுவிட்டு இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். வாரன்டி முடிந்த பிறகு போர்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா? என்ன விலை? ஃபேனை இறக்காமல் மாற்ற முடியுமா? கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் கம்பெனியில் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பதில் வரும்வரை காத்திருந்து வாங்கினாலும் தவறில்லை, பழைய ஃபேனுக்கு ஒரு கண்டன்சர் போட்டால் இந்தக் கோடையைத் தள்ளிவிடும்.